டிரைவர் மூளையைப் புகழ்ந்தது போதும்

“நம்ம ஊரு டிரைவருக்கு இருக்குற மூளை இன்ஜினியருக்குக்கூட வராது.” இந்த வரியை எங்கே கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செல்பேசியில் சுற்றும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுபோன ஒரு டிரெய்லர். அடியில் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். வெடித்த ஏர் பைப்பைப் பழைய டியூப் ரப்பரால் இறுக்கிச் சுற்றி, கம்பி போட்டு முறுக்கி, வண்டியை எழுப்பிவிடுகிறார். கீழே கைதட்டல் சின்னங்கள், ‘வேற லெவல்’, ‘தமிழன்டா’. அதே பைப் பிரேக்கை மிதிக்கும் நேரத்தில் பிய்த்துக்கொண்டு வண்டி யார் மேலாவது ஏறினால், அதே மனிதருக்கு வேறு பெயர். ‘அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் வாகனத்தை ஓட்டிய டிரைவர்.’

காலையில் விஞ்ஞானி, சாயங்காலம் குற்றவாளி. இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் ஒருவர் பத்திரமாக ஒளிந்துகொள்கிறார். பைப்பை மாற்றித் தர வேண்டியவர் அவர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது, அவரை ஒளித்துவைக்கும் நம் சமூகத்தைப் பற்றியது.

மங்கலம்பேட்டைக்கு முன்னால்

விருத்தாசலத்துக்காரர்களுக்கு லாரி புதிதல்ல. நம் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையே லாரிகளின் மேல்தான் நிற்கிறது. நெய்வேலிச் சுரங்கத்து மண் லாரியில் வருகிறது. கல் மாவு லாரியில் வருகிறது. இங்கே செய்த பியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் அகல் விளக்கும் பொம்மையும் லாரியில்தான் வெளியே போகின்றன. இது போதாதென்று சேத்தியாத்தோப்பு ஆலைக்குப் போகும் கரும்பு, சேலம் பக்கம் போகும் சரக்கு, கடலூர் பக்கத்திலிருந்து வரும் சரக்கு எல்லாம் நம் ஊரைத் தொட்டுத்தான் போகின்றன.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் டிரெய்லர் ஓட்டுகிறார். பெயர் வேண்டாம், வேலை போய்விடும். ஒருநாள் இரவு உளுந்தூர்பேட்டை சாலையில் மங்கலம்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி உட்கார்ந்துவிட்டது. முன்வண்டியிலிருந்து டிரெய்லருக்குப் போகும் ஏர் ஓஸ் கிழிந்துவிட்டது. அது ஏற்கெனவே ஒட்டுப்போட்ட ஓஸ். இரண்டு டிரிப்புக்கு முன்பே “மாத்தணும்” என்று சொல்லியிருக்கிறார். “அடுத்த எஃப்.சி.க்கு மொத்தமா பாத்துக்கலாம்” என்று பதில் வந்திருக்கிறது. அன்றைக்குப் போன் போட்டபோது வந்த பதில் இது: “இந்நேரத்துக்கு மெக்கானிக் வந்தா ரெண்டாயிரம் கேப்பான். நீ பாக்காததா? எப்படியாவது உருட்டிக்கிட்டு வந்துடு.”

அவரும் உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். செல்பேசி வெளிச்சத்தில், கத்தியும் டியூப் துண்டும் வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் அடியில் கிடந்தார். கிளீனர் கிடையாது. இப்போது பல வண்டிகளில் கிளீனரை நிறுத்திவிட்டார்கள், அந்தக் கூலி மிச்சம். பின்னால் வரும் வண்டிக்குத் தெரிவிக்க அடையாளப் பலகை கிடையாது, ஒரு புளியங்கிளையை ஒடித்துப் போட்டார். சரக்கு தாமதமானதற்கு அந்த டிரிப் படியில் பிடித்தம் செய்தார்கள். அவர் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காற்று எப்படிக் கொல்லும்

கல்லூரித் தோழர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த வேலையின் ஆபத்து தெரியாதவரை இது ஒரு ‘சின்ன ரிப்பேர்’ என்றே தோன்றும்.

கனரக வண்டியின் பிரேக் காற்றில் இயங்குகிறது. இன்ஜினோடு இணைந்த கம்ப்ரசர் காற்றை அழுத்தி டேங்குகளில் நிரப்புகிறது. அழுத்தம் சுமார் 8 பார், அதாவது உங்கள் கார் டயரில் இருப்பதைப்போல மூன்று நான்கு மடங்கு. டிரைவர் பிரேக்கை மிதித்தால் அந்தக் காற்று குழாய் வழியாக ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் சேம்பருக்கும் போய், உள்ளே இருக்கும் டயாப்ரத்தைத் தள்ளி, சக்கரத்தைப் பிடிக்கிறது. டிரெய்லருக்கு முன்வண்டியிலிருந்து இரண்டு ஓஸ்கள் போகும். ஒன்று மிதிக்கும்போது காற்றைக் கொண்டுபோவது, மற்றொன்று எப்போதும் காற்று நிறைந்திருப்பது. எப்போதும் நிறைந்திருக்கும் ஓஸ் அறுந்தால், டிரெய்லர் தன் டேங்கில் இருக்கும் காற்றை வைத்துத் தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். நிறுத்தும் பிரேக்கிலும் இதே ஏற்பாடுதான். உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. காற்று இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும், காற்று போனால் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே, ஏர் போன வண்டி நகராமல் நிற்பது கோளாறல்ல, பாதுகாப்பு. “நான் ஓடும் நிலையில் இல்லை” என்று வண்டியே சொல்கிறது. “எப்படியாவது உருட்டிக்கிட்டு வா” என்பதற்கு அர்த்தம், அந்தப் பாதுகாப்பைக் கழற்றிவிட்டு வா என்பதுதான்.

எப்படிக் கழற்றுகிறார்கள்? டியூப் ரப்பர் சுற்றுவது இருப்பதிலேயே சாதுவான வழி. அது நிற்கவில்லை என்றால் கிழிந்த இடத்தை வெட்டி, நடுவில் ஏதாவது ஒரு குழாய்த் துண்டைச் செருகி, கம்பியால் கட்டுவார்கள். அதுவும் முடியாவிட்டால் அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயில் ஒரு போல்ட்டைத் திணித்து அடைத்துவிடுவார்கள். அந்தச் சக்கரத்துக்கு அன்றைக்குப் பிரேக்கே கிடையாது. மீதிச் சக்கரங்கள் அந்தச் சுமையையும் சேர்த்து நிறுத்த வேண்டும். டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்பிரிங் பிரேக் பிடித்துக்கொண்டால் பின்பக்கத்து போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கைச் சுருக்கி வைப்பார்கள். அதற்குப் பிறகு அந்தச் சக்கரத்துக்கு நிறுத்தும் பிரேக்கும் இல்லை. விவரம் தெரியாமல் அந்தச் சேம்பரையே பிரித்தால், உள்ளே அடைந்திருக்கும் ஸ்பிரிங் குண்டுபோல வெளியே பாயும். முகத்துக்கு நேராகப் பாய்ந்தால் உயிர் தங்காது.

இதையெல்லாம்விட மோசமானது இன்னொன்று. கசிவைக் கண்டுபிடிக்க இன்ஜின் ஓட வேண்டும், காற்று ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சில கசிவுகள் ஹேண்ட் பிரேக்கை விடுவித்த நிலையில்தான் தெரியும். அடியில் படுத்து ‘உஸ்’ சத்தம் வரும் இடத்தைக் காதால் தேடி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்து, ஒருவழியாக அடைக்கிறார். கசிவு நின்றது. அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறியதும் ஸ்பிரிங் அடங்குகிறது, பிரேக் விடுபடுகிறது. சாலை கொஞ்சம் சரிவாக இருந்து, சக்கரத்துக்குக் கட்டையும் இல்லை என்றால் வண்டி உருளும். அடியில் இருப்பவர் வேலையைச் சரியாக முடித்ததற்குக் கிடைக்கும் கூலி இது. பழுதைச் சரிசெய்யத் தெரியாதவர் தப்பிவிடலாம், தெரிந்தவர் சாகிறார். இதைத்தான் ‘டிரைவர் மூளை’ என்று கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் யாரைப் பார்க்கிறது

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அறிக்கை கொடுத்தது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வழக்கு இருக்கும். வழக்கில் ஒரு பெயர் இருக்கும். லாரி சம்பந்தப்பட்டிருந்தால் அந்தப் பெயர் பெரும்பாலும் டிரைவருடையது.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு அதை 5 ஆண்டாக உயர்த்தியது. ஆனால் அதே பிரிவு, சிகிச்சை அளிக்கும்போது அதே தவறைச் செய்யும் பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறது. டாக்டரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்பது என் வாதமல்ல. நெருக்கடியில், கையில் இருப்பதை வைத்துக்கொண்டு முடிவெடுப்பவரைக் கொலையாளியைப்போல நடத்தக் கூடாது என்ற நியாயம் டாக்டர் விஷயத்தில் நாடாளுமன்றத்துக்குப் புரிந்திருக்கிறது. டிரைவர் விஷயத்தில் ஏன் புரியவில்லை? மனிதர்களுக்குத் தக்கபடி தண்டனையைக் கூட்டிக் குறைக்கும் வழக்கம் இந்த நாட்டில் எவ்வளவு பழையது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

106(2) இன்னும் கொடுமை. விபத்துக்குப் பிறகு காவல்துறைக்கோ நீதிபதிக்கோ சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு. 2024 ஜனவரி முதல் வாரத்தில் வட இந்தியா முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்திப் போராடினார்கள், பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது, அரசு இறங்கிவந்தது. அந்த ஓர் உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்துவிட்டுத்தான் மற்ற சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். டிரைவர்கள் ஒன்றாக நின்றதால் கிடைத்த வெற்றி அது. டிரைவர் ஏன் ஓடுகிறார் என்பதை மட்டும் அப்போதும் யாரும் விவாதிக்கவில்லை. நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்பதால் ஓடுகிறார். அதிலும் எந்த ஊர்க்காரன், எந்தத் தெருக்காரன் என்று விசாரித்துவிட்டு அடிக்கும் ஊர்கள் இருக்கின்றன.

முதலாளியைப் பிடிக்கச் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 190. பழுதுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளி. அந்தப் பழுது அவருக்குத் தெரிந்திருந்தால் போதும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் போதும். “அடுத்த எஃப்.சி.க்குப் பாத்துக்கலாம்” என்று சொன்னவருக்கு அந்தப் பழுது தெரியும். “உருட்டிக்கிட்டு வா” என்று சொன்னவர் ஓட்டச் செய்தவர். இதற்குத் தண்டனை என்ன? 1,500 ரூபாய் அபராதம். அந்தப் பழுதால் விபத்து நடந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஒரு பக்கம் 5 ஆண்டு, இன்னொரு பக்கம் 3 மாதம். அந்த 3 மாதத்துக்கும் முதலாளியின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏற வேண்டும். அங்கேதான் அது ஏறுவதே இல்லை.

நம் ஊர்ப் பட்டறைகளில் செய்யும் பியூஸ் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் எகிறினால் அதில் கட்டியிருக்கும் மெல்லிய கம்பி தான் எரிந்து வீட்டைக் காப்பாற்றும். எரிந்த கம்பியைப் பற்றி யாரும் வருத்தப்படுவதில்லை, வேறு கம்பி கட்டிக்கொள்கிறார்கள். இந்தத் தொழிலில் டிரைவர் அந்தக் கம்பி.

இதில் சாதி எங்கே வருகிறது?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். “தோழர், இது வர்க்கப் பிரச்சினை. எல்லாச் சாதியிலும் டிரைவர் இருக்கிறான். ஏர் பைப்பிலும் சாதியா?”

ஆமாம், எல்லாச் சாதியிலும் டிரைவர்கள் இருக்கிறார்கள். வண்டிக்கு அடியில் கிடக்கும் எல்லோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகவும் மாட்டேன்.

1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு நடந்தது. பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகளை அண்ணல் அம்பேத்கர் அடையாளம் காட்டியது அங்கேதான். அந்த உரையில் பலரும் கவனிக்காமல் விடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. ரயில்வேயில் தீண்டப்படாதவர்களுக்கு எந்தெந்த வேலை மறுக்கப்படுகிறது என்று அவர் வரிசையாக எடுத்துச் சொன்னார். தண்டவாளத்தில் கேங்மேனாகக் கிடக்கலாம். போர்ட்டராகக்கூட ஆக முடியாது, ஏனென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குள் போய் வேலை செய்ய வேண்டியிருக்கும். பணிமனையில் கூலியாக இருக்கலாம், மெக்கானிக்காக ஆவது அரிது. இயந்திரத்தின் அழுக்கு நம் கைக்கு வரலாம், இயந்திரம் தெரிந்தவன் என்ற பெயர் வரக் கூடாது.

விருத்தாசலமும் ஒரு ரயில் ஜங்ஷன். நம் பாட்டன்கள் தண்டவாளத்தில் பார்த்ததை நாம் தார்ச்சாலையில் பார்க்கிறோம். டயாப்ரம் மாற்றத் தெரியும், வால்வு பிரிக்கத் தெரியும், சத்தத்தை வைத்தே எந்த இணைப்பில் கசிவு என்று சொல்லத் தெரியும். ஆனால் அவர் மெக்கானிக் இல்லை, ‘டிரைவர்’. மெக்கானிக் என்று ஒப்புக்கொண்டால் அந்த வேலைக்குத் தனிக்கூலி தர வேண்டும், கருவி தர வேண்டும், பாதுகாப்பு தர வேண்டும். ஆகவே அறிவை எடுத்துக்கொள்கிறார்கள், பெயரைத் தர மறுக்கிறார்கள். ஒரு மனிதனின் திறமை அவனுக்குச் சொந்தமல்ல, அவன் செய்தே தீர வேண்டிய கடமை என்று கருதும் மனநிலைக்குச் சாதி என்றுதான் பெயர். செத்த மாட்டை உரிக்கும் திறமைக்கும் பறையடிக்கும் திறமைக்கும் இந்தச் சமூகம் என்ன மரியாதை தந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது பதில் சாலையோரம் பற்றியது. நெடுஞ்சாலை பொது இடம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வண்டி நின்றுபோனால் அது ஏதோ ஓர் ஊரில்தான் நிற்கும். அந்த ஊருக்கு ஊர்த்தெரு இருக்கும், காலனி இருக்கும். தண்ணீர் கேட்டால் “எந்த ஊருப்பா?” என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் “அங்க எந்தத் தெரு?” என்பார்கள். எங்கள் தெரு அண்ணன் பழகிவிட்டார், ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார். வண்டி நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி பழுதான வண்டியின் டிரைவருக்கு இல்லை. சில கலவர நாட்களில், சில ஊர்களின் எல்லையில் நிற்பதைவிடப் பிரேக் இல்லாமல் ஓட்டிக்கொண்டு போவதே மேல் என்று அவர் நினைத்தால் அதை அலட்சியம் என்பீர்களா?

விருத்தாசலம் என்றதும் நமக்கு 2003ஆம் ஆண்டின் புதுக்கூரைப்பேட்டை நினைவுக்கு வரும். தீர்ப்புக்கு 2021 வரை காத்திருந்தோம். அந்த வழக்கை விடாமல் பிடித்திருந்ததுபோலவே, சத்தமில்லாமல் நடக்கும் சாவுகளையும் பிடிக்கப் பழக வேண்டும். ஒரு கொலைக்குக் கூடும் கூட்டம், அடியில் படுத்தவர் மேல் வண்டி உருண்டு செத்தால் கூடுவதில்லை. ‘அவர் நேரம்’ என்று சொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறோம்.

மூன்றாவது பதில்தான் எனக்கு முக்கியமானது. செப்டிக் டேங்க்கில் இறங்கி ஒருவர் இறந்தால் முன்பெல்லாம் என்ன சொன்னார்கள்? “அவனா இறங்குனான்.” அந்த ஒரு சொல்லை மாற்ற நாம் எத்தனை ஆண்டுகள் போராடினோம்! 2013இல் சட்டம் வந்தது. யார் இறங்கினார் என்பதை விட்டுவிட்டு யார் இறக்கினார் என்று அது கேட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சாவு நின்றுவிடவில்லை, அது வேறு கதை. ஆனால் ‘இறங்கினான்’ என்பது ‘இறக்கினார்கள்’ என்று மாறியது. மலக்குழியும் லாரி அடியும் ஒன்றல்ல, அந்த இழிவோடு இதை நான் சமப்படுத்தவில்லை. ஆனால் தப்பிக்கும் தந்திரம் ஒன்றுதான். “அவனா படுத்தான்.” இந்தச் சொல்லையும் நாம் மாற்ற வேண்டும். படுக்கவைத்தார்கள்.

“ஒத்த வண்டிக்காரன் என்ன செய்வான்?”

நியாயமான கேள்வி. எல்லா லாரி முதலாளியும் பெரிய பணக்காரரல்ல. ஒரே ஒரு வண்டி, அதற்கும் மாதத்தவணை, டீசல், சுங்கக் கட்டணம், டயர் என்று கழுத்துவரை கடனில் இருப்பவர்கள் நிறையப் பேர். நம் ஆட்களிலேயே நிலத்தை அடகுவைத்துப் பழைய வண்டி வாங்கித் தானே ஓட்டுபவர்கள் உண்டு. முதலாளியும் அவர்தான், அடியில் கிடப்பவரும் அவர்தான்.

அதனால்தான் கேள்வியை ஒத்த வண்டிக்காரரோடு நிறுத்தக் கூடாது. சரக்கு அனுப்பும் ஆலை, இடையில் கமிஷன் பிடிக்கும் புக்கிங் ஆபீஸ், ‘காலை ஆறு மணிக்குள் இறங்கணும்’ என்று நேரம் குறிப்பவர், இவர்கள் யாருக்கும் அந்த ஓஸ் எப்படி இருக்கிறது என்ற கவலை கிடையாது. பொம்மை உடையாமல் இருக்க வைக்கோல் வைத்துப் பொதிகிறார்கள். இன்சுலேட்டருக்குக் கீறல் விழக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். அதைத் தூக்கிப்போகும் வண்டிக்குப் பிரேக் இருக்கிறதா என்று கேட்க ஒரு வரி எழுதியது உண்டா?

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலைநேரம், ஓய்வு, ஓய்வறை, முதலுதவி எல்லாவற்றையும் பேசியது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது தானாகப் பொருந்தாது. ஒத்த வண்டிகளால் ஓடும் தொழிலில் இப்படி ஒரு வரம்பு வைத்தால், யாரைக் காப்பதற்குச் சட்டம் போட்டார்களோ அவர்களே வெளியில் நிற்பார்கள். அந்தச் சட்டத்தையும் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள்.

வேறு நாட்டில் எப்படி? முதலாளித்துவத்தின் தாய்வீடான அமெரிக்காவிலேயே, டிரைவர் தான் கண்ட பழுதை எழுதிக் கொடுத்தால், அதைச் சரிசெய்ததாக நிறுவனம் கையெழுத்துப் போட்டுச் சான்று தராமல் வண்டி மறுபடி சாலையில் ஏறக் கூடாது என்பது விதி. பாதுகாப்பில்லாத வண்டியை ஓட்ட மறுக்கும் டிரைவரை வேலையைவிட்டு எடுக்கக் கூடாது என்று 1982இலேயே சட்டம் போட்டார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை அங்கே காகிதத்திலாவது இருக்கிறது. இங்கே அந்தச் சொல்லுக்கு விலை வேலை.

என்ன கேட்கிறோம்?

முதலாவது, கருவி. இணைப்பு யூனியன் நான்கு, டிரெய்லருக்கான மாற்று ஓஸ் ஒரு ஜோடி, ரப்பர் வாஷர்கள், சக்கரத்துக்குப் போடக் கட்டை இரண்டு, ஒளிரும் எச்சரிக்கை முக்கோணம், ஒரு நல்ல டார்ச். ஒரு டயரின் விலைக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. இது உரிமையாளர் செலவில் வண்டியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஃப்.சி. தரக் கூடாது.

இரண்டாவது, பழுதுப் பதிவேடு. டிரைவர் எழுதுவார், உரிமையாளர் கையெழுத்திடுவார். சரிசெய்யாமல் அடுத்த லோடு இல்லை.

மூன்றாவது, மறுக்கும் உரிமை. ஏர் நிற்காத வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காக வேலையை விட்டு எடுத்தால், படியைப் பிடித்தால், அது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும்.

நான்காவது, பிரேக் காரணம் என்று சந்தேகம் வரும் ஒவ்வொரு விபத்திலும் பிரிவு 190இன்படி உரிமையாளரையும் விசாரிக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் இயந்திரக் கோளாறு உண்டா இல்லையா என்று ஒரு வரியோடு முடிக்காமல், எந்தெந்தக் குழாய் ஒட்டுப்போட்டது, எந்தச் சக்கரத்துக்குக் காற்று அடைக்கப்பட்டிருந்தது என்று படத்தோடு பதிய வேண்டும்.

ஐந்தாவது, சான்றிதழ். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களின் திறனைச் சோதித்துச் சான்று தரும் திட்டம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. அதைக் கடலூர் மாவட்ட ஐடிஐக்களில் டிரைவர்களுக்கு ஏர் பிரேக் வேலைக்காகத் திறக்கட்டும். மண்ணைச் சுட்டுப் பீங்கானாக்கச் சொல்லித்தர நம் ஊரில் அரசுக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அந்தப் பீங்கானைச் சுமக்கும் வண்டியின் காற்றைச் சொல்லித்தர ஓர் அறை கிடைக்காதா? தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் மோட்டார் வாகனம் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்து ஒரே நல வாரியம்தான் இருக்கிறது. இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்கிறார் என்பது அந்த வாரியத்துக்கும் தெரியட்டும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கையை அரசிடம் வைத்துவிட்டுக் காத்திருக்க முடியாது. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த மாதமே தொடங்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

லாரி நிற்கும் இடங்களுக்குப் போங்கள். ஒரே ஒரு பழக்கத்தை டிரைவர்களிடம் சொல்லுங்கள். பழுதை வாயால் சொல்லாதீர்கள். படம் எடுத்து, ‘இந்த ஓஸை மாற்ற வேண்டும், மாற்றாமல் ஓட்டினால் ஆபத்து’ என்று உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எழுத வராதா, குரல் பதிவு போதும். “உருட்டிக்கிட்டு வா” என்று வரும் பதிலை அழிக்காதீர்கள். பழுது உரிமையாளருக்குத் தெரியும் என்பதற்கு அதுதான் சாட்சி. நம்மிடம் எழுத்து இல்லாத இடத்தில்தான் எல்லாக் குற்றமும் நம் தலையில் எழுதப்பட்டிருக்கிறது.

முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் பகுதிக் காவல் நிலையங்களில் லாரி விபத்து வழக்குகளை எடுத்துப் படியுங்கள். எத்தனையில் உரிமையாளர் பெயர் இருக்கிறது, எத்தனையில் பிரிவு 190 இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கு நம் கையில் இருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் பேசும் தொனியே வேறாக இருக்கும்.

அடியில் படுத்து இறந்தவரின் குடும்பத்தை ‘வண்டி ஓடவே இல்லையே, நின்றுகொண்டுதானே இருந்தது’ என்று இன்சூரன்ஸ்காரர்கள் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். 1991இல் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிராவில் சாலையோரம் கவிழ்ந்து கிடந்து சில மணி நேரம் கழித்து வெடித்த பெட்ரோல் டேங்கர் வழக்கில், ஓடாமல் பழுதாகி நிற்கும் வண்டியும் ‘பயன்பாட்டில்’ இருப்பதாகவே கொள்ளலாம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், அதைத் தன்னுள் எடுத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் சொல்வதும் தெளிவு: வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த சாவுக்கு முதலாளி பொறுப்பு. சாலையில் நின்ற வண்டியைச் சரிசெய்வது டிரைவரின் பொழுதுபோக்கு அல்ல. ஐம்பதாயிரம் கொடுத்துக் கைநாட்டு வாங்கும் பஞ்சாயத்துக்குப் போகும் முன் அந்தக் குடும்பம் உங்களைச் சந்தித்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அடுத்தமுறை அந்த மாதிரி வீடியோ வந்தால் கைதட்டல் சின்னத்தை அழுத்தாதீர்கள். கீழே ஒரு கேள்வி எழுதுங்கள்: “வண்டி யாருடையது? சக்கரத்துக்குக் கட்டை எங்கே?”

எங்கள் தெரு அண்ணன் நேற்றும் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். டிரெய்லர் ஓஸில் அந்த டியூப் கட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. இந்தமுறை படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். உரிமையாளர் பார்த்துவிட்டதற்கு இரண்டு நீலக்கோடு விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை. அந்த நீலக்கோட்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.